தங்கும் மருந்து, தங்காத நோயாளி

காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதத்தில் காரணம் ஒரே வரியில் இருந்தது. சிகிச்சை பெற்றவர் மருத்துவமனையில் 24 மணி நேரம் உள்நோயாளியாக இருக்கவில்லை, ஆகவே மருந்துச் செலவைத் தர இயலாது. 2012இல் அந்தக் கடிதத்தோடு என்னிடம் வந்தவர் எங்கள் ஊர்க்காரர். ஜெயமங்கலத்தில் வராக நதிப் பாசனத்தில் கொஞ்சம் வயலும் ஒரு தென்னந்தோப்பும் வைத்திருந்தார். பெயரைச் சொல்லப் போவதில்லை. நிறுவனத்தின் பெயரும் வேண்டாம்.

அவர் இளவயதில் வைகை அணைப் பக்கத்துச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டியவர். தொண்ணூறுகளில் ஒரு நாள் லோடோடு வண்டி கவிழ்ந்து, தொடை எலும்பு முறிந்து, நிறைய ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. ஹெபடைடிஸ் சி என்ற வைரஸை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டதே 1989இல்தான். இந்தியாவில் ரத்த வங்கிகள் தானம் பெறும் ஒவ்வொரு பையையும் அந்த வைரஸுக்காகச் சோதிக்க வேண்டும் என்பது 2001இல்தான் கட்டாயமானது. அதற்கு முன்பு ஏற்றிய ரத்தத்தில் அது வந்திருக்கலாம் என்பது மருத்துவரின் ஊகம். அது உடம்பில் இருப்பதே இவருக்குத் தெரியாது. 2011இல் ஹெர்னியா அறுவைக்கு முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அதற்குள் கல்லீரலில் தழும்பு விழத் தொடங்கியிருந்தது, ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன.

மதுரையில் பார்த்த மருத்துவர் எழுதிக் கொடுத்தது பெகிலேட்டட் இன்டர்ஃபெரான். வாரம் ஒரு ஊசி, 24 வாரம். கூடவே தினமும் ரிபாவிரின் மாத்திரை. மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். கம்பெனியின் குழுக் காப்பீட்டில் அப்பா, அம்மாவுக்கும் இடம் உண்டு, முன்பே இருந்த நோய்க்கும் விலக்கில்லை. அந்த நம்பிக்கையில் மனைவியின் நகையை அடகு வைத்தார், தோப்பை ஒத்திக்கு விட்டார், சிகிச்சையை ஆரம்பித்தார். மூன்று லட்சத்துக்கு மேல் செலவானது. பில்களை அனுப்பினால் இந்த ஒரு வரி வந்தது.

“தம்பி, படுக்கையில கெடந்தாத்தான் வியாதிங்கிறாங்களா? வாராவாரம் காய்ச்சல்ல செத்துப் பொழைச்சேனே, அது என்ன?” என்று கேட்டார்.

“அண்ணே, பாலிசிப் புத்தகம் முழுசா இருக்கா? அதைக் கொண்டாங்க முதல்ல” என்றேன்.

பாலிசியில் 24 மணி நேர விதிக்கு அடியிலேயே ஒரு விலக்கு இருந்தது. டயாலிசிஸ், கீமோதெரபி, கண்புரை அறுவை என்று ஒரு பட்டியல். பட்டியலின் வாலில், தொழில்நுட்ப முன்னேற்றத்தால் 24 மணி நேரத்துக்கும் குறைவாக மருத்துவமனையில் இருந்தால் போதும் என்றாகிவிட்ட பிற சிகிச்சைகளுக்கும் அந்த வரம்பு பொருந்தாது என்று ஒரு சொற்றொடர். வழக்கு முழுவதையும் நான் அந்த வாலில்தான் கட்டினேன். ஆனால் அங்கே என்ன தொழில்நுட்பம், அது எதில் முன்னேறியது என்பதை நிரூபிக்க வேண்டும். அதற்கு, இந்த மருந்துக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் நான் தெரிந்துகொள்ள வேண்டும். சிவில் வழக்கும் பாகப்பிரிவினையும் நடத்திக்கொண்டிருந்த எனக்கு அது புது உலகம்.

இன்டர்ஃபெரான் என்பது வைரஸை எதிர்க்க நம் உடம்பே செய்துகொள்ளும் ஒரு புரதம். அதை வெளியில் தயாரித்து ஊசியாகப் போட்டால், உடம்பில் சராசரியாக ஐந்து மணி நேரத்தில் பாதி போய்விடும். சிறுநீரகம் வடித்துவிடும், நொதிகள் கடித்துவிடும். அதனால் வாரத்துக்கு மூன்று முறை போட வேண்டும். அப்போதும் ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே வைரஸ் மறுபடி தலைதூக்கும். இந்தப் புரதத்தோடு பாலி எத்திலீன் கிளைகால் என்ற செயற்கைப் பாலிமரை ஒட்டிவிட்டால் கதை மாறுகிறது. சுருக்கமாக அதைப் பெக் என்பார்கள், ஒட்டும் வேலையைப் பெகிலேஷன் என்பார்கள். இந்தப் பாலிமர்ச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புரதம் பருத்துப் போகிறது, சிறுநீரகத்தின் வடிகட்டியில் நழுவுவதில்லை, நொதிகளால் எளிதில் நெருங்க முடிவதில்லை. இன்டர்ஃபெரானின் எடை சுமார் 20,000 டால்டன். அதன்மேல் ஒட்டுகிற கிளைவிட்ட பெக் 40,000 டால்டன். போர்வை புரதத்தைவிட இரண்டு மடங்கு கனம்.

இந்த யோசனை பழையது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டேவிஸும் ஆப்ரகாம் அபுசௌஸ்கியும் ஆல்புமின், கேட்டலேஸ் என்ற புரதங்களின் மேல் பெக் ஒட்டிக் காட்டியது 1977இல். பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகளுக்கான அடினோசின் டிஅமினேஸ் நொதிதான் இப்படிப் போர்வை போர்த்திய முதல் மருந்து. அதற்கு 1990இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ரோஷ் நிறுவனத்தின் பெகாசிஸ் என்ற பெக் இன்டர்ஃபெரானுக்கு அங்கே 2002 அக்டோபரில் அனுமதி. அந்த மருந்தின் விவரக் குறிப்பிலேயே உடம்பில் பாதியாகக் குறையும் நேரம் போட்டிருந்தது. சாதா மருந்துக்கு 5 மணி, பெக் ஒட்டியதற்குச் சராசரி 160 மணி. இந்த இரண்டு எண்களையும் நான் மனுவில் தடித்த எழுத்தில் போட்டேன்.

தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் விசாரணை. தலைவரும் இரண்டு உறுப்பினர்களும். வழக்கமாக அங்கே ஃபிரிட்ஜும் செல்போனும் சிட்பண்டும் வரும். மூலக்கூறு பற்றிய வாதம் அவர்களுக்கும் புதிது. அதற்காக அவர்கள் சலித்துக்கொள்ளவில்லை. தலைவர் பேனாவை வைத்துவிட்டு, “வக்கீல், எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்க. ஊசி அதேதானே? வாரத்துக்கு மூணு ஒண்ணாச்சு. இதுல மருத்துவமனையில தங்குறது எங்கே வந்தது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வழக்கின் கழுத்தே அதுதான்.

விதைநெல்லை வைக்கோல் பிரியால் சுற்றிக் கோட்டை கட்டி வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருப்பது அதே நெல்தான், வைக்கோல் முளைக்கப் போவதில்லை, ஆனால் அது சுற்றியிருப்பதால்தான் பூச்சிக்கும் ஈரத்துக்கும் தப்பி அடுத்த போகம் வரை நெல் நிற்கிறது என்றேன். தலைவர் தலையசைத்தார். அதற்குப் பிறகு மருத்துவரின் உறுதிமொழிப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் பத்திரத்துக்காக நான் மருத்துவரிடம் நீண்ட நேரம் பேசியிருந்தேன். இன்டர்ஃபெரான் எடுப்பவருக்குக் காய்ச்சல், குளிர், மன அழுத்தம் வரும். வெள்ளணுவும் தட்டணுவும் விழும். இவருக்கு ஏற்கெனவே தட்டணு குறைவு. ஆகவே முதல் பன்னிரண்டு ஊசிகளைத் தன் மருத்துவமனையில்தான் போட வேண்டும், போடும் முன் ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும், பிறகு சில மணி நேரம் படுக்கையில் வைத்துக் கவனிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியிருந்தார். பழைய மருந்தாக இருந்தால் இந்த நிலையில் உள்ளவரை வாரம் மூன்று முறை ஜெயமங்கலத்திலிருந்து மதுரைக்கு வரவழைத்து அனுப்பியிருக்க மாட்டேன், ஆரம்ப வாரங்களுக்கு உள்நோயாளியாகவே சேர்த்திருப்பேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார். எனக்கு வேண்டியிருந்தது அந்த வாக்கியம்தான். இந்த நோயாளியைப் பொறுத்தவரை, மருத்துவமனையில் தங்குவதைத் தவிர்த்தது அந்தப் பாலிமர்ச் சங்கிலி. நிறுவனம் அந்தத் தவிர்ப்பையே காரணம் காட்டிப் பணத்தை மறுக்கிறது.

எதிர்தரப்பு வக்கீல் திறமையானவர், வழக்கைப் படித்துவிட்டு வந்தவர். அவர் வைத்த முதல் வாதம் என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தது. பெக் ஒட்டிய இன்டர்ஃபெரானின் வைரஸ் எதிர்ப்பு வீரியம், ஆய்வகக் குழாயில் அளந்தால், சாதா இன்டர்ஃபெரானின் வீரியத்தில் சுமார் 7 சதவீதம்தான் என்று வெளியிடப்பட்ட ஆய்வைக் காட்டினார். இது முன்னேற்றமா, பின்னேற்றமா என்று கேட்டார்.

எண் சரியானது. அதை மறுக்கவும் கூடாது. பெரிய பாலிமரைப் புரதத்தில் ஒட்டினால், செல்லின் ஏற்பியில் போய்ப் பொருந்தும் முகத்தை அது ஓரளவு மறைக்கத்தான் செய்யும். இன்டர்ஃபெரான் சங்கிலியில் லைசின் என்ற அமினோ அமிலம் பல இடங்களில் இருக்கிறது. பாலிமர் அவற்றில் ஏதாவது ஒன்றில் போய் ஒட்டும். எந்த லைசினில் ஒட்டியது என்பதைப் பொறுத்து வீரியம் மாறும். பெகாசிஸ் மருந்துகூட ஒரே மூலக்கூறு அல்ல, முக்கியமாக நான்கு லைசின் இடங்களில் ஒட்டிய வடிவங்களின் கலவை. குழாயில் வீரியம் குறைவு என்பது உண்மை. ஆனால் குழாயில் சிறுநீரகம் கிடையாது. உடம்பில் ஒரு வாரம் முழுக்க மருந்து ரத்தத்தில் நிற்பதால்தான், நோயாளிகளிடம் நடந்த சோதனைகளில் பெக் ஒட்டியது சாதா மருந்தைவிட அதிகம் பேரிடம் வைரஸை ஒழித்தது. முன்னேற்றம் வீரியத்தில் வரவில்லை, தங்கும் காலத்தில் வந்தது. பாலிசியின் அந்தச் சொற்றொடரும் காலத்தைப் பற்றியதுதானே, மருந்தின் வீரியத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லையே என்று பதில் சொன்னேன்.

அடுத்து விலைக்கு வந்தார். சாதா இன்டர்ஃபெரான் மலிவாகக் கிடைக்கும்போது இத்தனை விலை மருந்து எதற்கு, பாலிசி நியாயமான, வழக்கமான செலவைத்தானே தரச் சொல்கிறது என்றார். அந்த வாய்தாவுக்கும் அடுத்த வாய்தாவுக்கும் நடுவில் சென்னையிலிருந்து ஒரு தீர்ப்பு வந்தது. நான் ஆஜரான வழக்கு இல்லை. ஆனால் இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் கூடவே நினைவுக்கு வருவது.

தேனாம்பேட்டையில் இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம், பெகாசிஸ் மருந்துக்கு இந்தியாவில் கொடுக்கப்பட்டிருந்த காப்புரிமையை 2012 நவம்பர் 2ஆம் தேதி ரத்து செய்தது. அந்தக் காப்புரிமை 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் வழங்கியது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துகளுக்குச் செய்முறைக் காப்புரிமையை மட்டும் அனுமதித்தது. உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காக 2005 ஜனவரி முதல் பொருளுக்கே காப்புரிமை என்று மாறியது. அந்தப் புது ஏற்பாட்டில் ஒரு மருந்துக்குக் கிடைத்த முதல் காப்புரிமை என்று இது பேசப்பட்டது. எதிர்த்தவர்கள் இருவர். ஒன்று வோக்ஹார்ட் என்ற மருந்து நிறுவனம். இன்னொன்று மும்பையில் போதை ஊசிக்கு அடிமையானவர்களிடையே வேலை செய்யும் சங்கல்ப் மறுவாழ்வு அறக்கட்டளை. ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் ஹெபடைடிஸ் சி அந்த மனிதர்களிடம்தான் அதிகம் பரவியிருந்தது. ஆறு மாதச் சிகிச்சையின் விலை 4,36,000 ரூபாய், தள்ளுபடி போனால் 3,14,496 ரூபாய் என்று அப்போது செய்திகளில் வந்தது. 2009இல் காப்புரிமை அலுவலகம் எதிர்ப்பைத் தள்ளுபடி செய்ய, சங்கல்ப் வாரியத்துக்கு மேல்முறையீடு போனது.

வாரியத்தின் தலைவர் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், தொழில்நுட்ப உறுப்பினர் டி.பி.எஸ். பர்மார். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர் பிரபா ஸ்ரீதேவன். ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. அந்த உத்தரவை நான் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து படித்தேன். இரண்டு விஷயங்களில் அது எனக்குப் பாடமாக அமைந்தது. காப்புரிமையை எதிர்க்க ‘அக்கறை உள்ள நபர்’ ஆக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். போட்டி நிறுவனத்துக்குத்தான் அக்கறை உண்டா, மருந்து வாங்க முடியாத நோயாளிகளுக்காகப் பேசுகிற அமைப்புக்குக் கிடையாதா என்ற கேள்வியில், நோயாளிகளின் பக்கத்துக்கும் அக்கறை உண்டு என்று வாரியம் ஏற்றது. நோயாளியைச் சட்டத்தின் முன் கொண்டுவந்து நிறுத்திய அந்தப் பத்திகளை நான் இன்றும் இளைய வக்கீல்களுக்குப் படிக்கக் கொடுக்கிறேன். இரண்டாவது, புரதத்தில் பெக் ஒட்டுவது, இன்டர்ஃபெரானிலேயே ஒட்டிப் பார்ப்பது, கிளைவிட்ட பெக்கைப் பயன்படுத்துவது எல்லாம் முன்பே வெளியான ஆய்வுகளில் இருந்தன, துறை அறிந்தவருக்கு இந்தச் சேர்க்கை எட்டக்கூடியதுதான் என்ற முடிவு.

எதிர்தரப்பு வக்கீல் இந்த உத்தரவைப் படித்துவிட்டு மகிழ்ச்சியோடு வந்தார். “பாருங்கள், இதில் கண்டுபிடிப்பே இல்லை என்று வாரியமே சொல்லிவிட்டது. கண்டுபிடிப்பு இல்லாத இடத்தில் தொழில்நுட்ப முன்னேற்றம் எங்கிருந்து வந்தது?” என்றார். கேட்பதற்கு வலுவாக இருந்தது. மன்றத்தின் பெண் உறுப்பினர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் அதே உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டேன். தனியுரிமை தரத் தகுதி உண்டா என்பது ஒரு கேள்வி, நோயாளிக்கு நன்மை உண்டா என்பது வேறு கேள்வி. எட்டக்கூடியது என்று வாரியம் சொன்னதற்குக் காரணமே, பெக் ஒட்டினால் புரதம் உடம்பில் நீண்ட நேரம் தங்கும் என்பது துறையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்பதுதான். அந்த நன்மை மெய்யானது, நிறுவப்பட்டது, பல ஆண்டுகளாக அறியப்பட்டது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டாம். காப்பீட்டு ஒப்பந்தம் ‘முன்னேற்றம்’ என்கிறது, ‘காப்புரிமைக்குத் தகுந்த முன்னேற்றம்’ என்று சொல்லவில்லை. விலை பற்றியும் இந்த உத்தரவே பதில். விலையைக் கூட்டியது தனியுரிமை. அதற்கு நோயாளி என்ன செய்வார்? இப்படி வாதிட்டேன். என் தொழில் வாழ்க்கையில் எதிராளி கொண்டுவந்த ஆவணத்தைக் கொண்டே பதில் சொல்லக் கிடைத்த நல்ல சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

2013 பிப்ரவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மருத்துவக் காப்பீட்டுச் சொற்களுக்குப் பொது விளக்கம் கொடுத்துச் சுற்றறிக்கை வெளியிட்டது. பகல்நேரச் சிகிச்சை என்றால் மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும், வழக்கமாக வெளிநோயாளியாகப் பெறும் சிகிச்சை அதில் சேராது என்று அதில் இருந்தது. அதையும் எதிர்தரப்பு தாக்கல் செய்தது. என் கட்சிக்காரரின் பாலிசி அதற்கு முந்தியது, பின்னால் வந்த விளக்கத்தைக் கொண்டு முன்னால் போட்ட ஒப்பந்தத்தைத் திருத்த முடியாது என்றேன். காப்பீட்டு ஒப்பந்தத்தில் ஐயம் இருந்தால் அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1966இலேயே, ஜெனரல் அஷ்யூரன்ஸ் சொசைட்டி எதிர் சந்துமல் ஜெயின் வழக்கில், சொன்னதையும் காட்டினேன்.

தீர்ப்பு பாதி வந்தது. மதுரை மருத்துவமனையில் கண்காணிப்பில் போட்ட பன்னிரண்டு ஊசிகளின் செலவை வட்டியோடு தர வேண்டும். மீதிப் பன்னிரண்டும் ஊரில் போட்டவை, ஆகவே அவை வெளிநோயாளிச் சிகிச்சை, அதற்குக் கிடையாது. அந்த இரண்டாவது பாதியை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. தெர்மகோல் பெட்டியில் ஐஸ் வைத்து, மருந்து 8 டிகிரிக்கு மேல் சூடேறாமல், மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவருவார் அவர் மனைவி. ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மா வீட்டுக்கு வந்து வயிற்றுத் தோலுக்கு அடியில் போட்டுவிடுவார். அதே மருந்து, அதே நோய், மருத்துவர் போனில் கேட்டுக்கொண்டே இருந்த அதே கவனிப்பு. பதின்மூன்றாவது ஊசியிலிருந்து அது சிகிச்சை இல்லை என்று எப்படி ஆகும்? மேல்முறையீடு போகலாம் அண்ணே என்றேன்.

“வேணாம் தம்பி. வந்தத வச்சுத் தோப்பை மீட்டுக்கிறேன். ஒடம்புல வைரஸ் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்கள்ல, அது போதும்” என்றார். சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து எடுத்த சோதனையிலும் வைரஸ் இல்லை. நிறுவனமும் மேல்முறையீடு செய்யவில்லை.

வழக்கு முடிந்தாலும் அந்த வேதியியல் என்னை விடவில்லை. எதிர்தரப்பு கேட்ட விலைக் கேள்விக்குத் தனியுரிமை என்று பதில் சொன்னேன். அது முக்கியக் காரணம். ஆனால் ஒட்டும் வேலையே சிரமமானது, விரயம் மிகுந்தது என்பது பிறகு தெரிந்தது. என் அண்ணன் மகள் வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறாள். 2022இல் வேதியியல் நோபல் பரிசு அறிவித்தபோது, “சித்தப்பா, உங்க ஊசி வழக்கு சம்பந்தப்பட்ட பரிசுதான்” என்று போன் செய்து விளக்கினாள்.

பழைய முறையில் பெக்கின் நுனியில் என்.எச்.எஸ். எஸ்டர் என்ற துடிப்பான கொக்கியை மாட்டி, புரதக் கரைசலில் விடுவார்கள். அது லைசினைத் தேடிப் போய் ஒட்டும். ஆனால் புரதம் இருப்பது தண்ணீரில். அந்தக் கொக்கி தண்ணீரோடும் வினை புரிந்து வீணாகும். ஆகவே தேவைக்கு மேல் பாலிமரைக் கொட்ட வேண்டும். பிறகு ஒட்டாதது, ஒன்றுக்கு மேல் ஒட்டியது, எதுவும் ஒட்டாத புரதம் என்று எல்லாவற்றையும் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கான நேரமும் இழப்பும் விலையில் ஏறும்.

இரண்டு மூலக்கூறுகள் சந்தித்தால்தான் வினை நடக்கும். புரதம் விலை உயர்ந்தது, நீர்த்த கரைசலில்தான் இருக்கும். பாலிமரோ பெரியது, மெதுவாக நகரும். அவள் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாள். இரண்டும் ஒரு லிட்டரில் ஒரு மோலின் லட்சத்தில் ஒரு பங்கு அளவு இருக்கிறது என்று வையுங்கள். வினைவேக மாறிலி ஒன்று என்றால், பாதி ஒட்டி முடிக்க 1,00,000 வினாடி, அதாவது சுமார் 28 மணி நேரம். மாறிலி 2,000 என்றால் 50 வினாடி. அந்த 28 மணி நேரமும் புரதம் கெடாமல் இருக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் முடிந்தால் அந்தக் கவலையே இல்லை. ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் பாலிமரைச் சேர்த்தால் போதும், கொட்டிக் கழிக்க ஒன்றும் இருக்காது.

ஷார்ப்லெஸும் மெல்டாலும் 2002இல் தனித்தனியாகக் கண்டது அசைடு, அல்கைன் என்ற இரண்டு குழுக்களைச் செம்பின் துணையோடு சடக்கென்று சேர்க்கும் முறை. கிளிக் வேதியியல் என்று இதற்குப் பெயர். இந்த இரண்டு குழுக்களும் தண்ணீரையோ புரதத்தின் மற்ற பகுதிகளையோ சீண்டாமல் ஒன்றை ஒன்று மட்டுமே தேடும். ஆனால் செம்பு உயிருள்ள செல்லுக்கு நஞ்சு. வளைத்து இறுக்கிய வளையத்துக்குள் அல்கைனை வைத்தால், அந்த இறுக்கமே வினையைத் தள்ளும், செம்பு வேண்டாம் என்று 2004இல் காட்டியவர் கரோலின் பெர்ட்டோசி. மூவருக்கும்தான் 2022இன் நோபல். செம்பில்லாத அந்த முறையின் மாறிலி பெரும்பாலும் ஒன்றுக்குக் கீழே அல்லது ஒன்றின் பக்கத்தில். அதை ஆயிரக்கணக்கில் கொண்டுபோனது டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஃபாக்ஸ் குழு 2008இல் வெளியிட்ட டெட்ரசீன் வினை. அவள் சொன்ன 2,000 என்ற எண் அங்கிருந்துதான். கொக்கியைப் புரதத்தில் நாம் விரும்பும் ஒரே இடத்தில் பொருத்தும் வித்தையும் இப்போது இருக்கிறது. அப்படிச் செய்தால் ஏற்பியில் பொருந்தும் முகம் மறைவதைத் தவிர்க்கலாம், 7 சதவீதம் என்ற அந்த வாதத்துக்கும் இடம் குறையும்.

இதையெல்லாம் கேட்டபோது எனக்குள் இருந்த வக்கீல் வேறொன்றை யோசித்தான். 1970 சட்டத்தின் காலத்தில் ஒருவர் வேகமான, மலிவான ஒட்டும் முறையைக் கண்டுபிடித்திருந்தால், அந்த முறையே அவருக்குச் சந்தைக்கான வழியாக இருந்திருக்கும். செய்முறை வேறு என்றால் மருந்தைச் செய்யலாம். பொருளுக்கே காப்புரிமை வந்த பிறகு, 28 மணியை 50 வினாடி ஆக்கினாலும் அந்தப் பொருளைச் செய்ய முடியாது. ஆகவேதான் 2012இன் அந்த உத்தரவை நான் வெறும் ஒரு மருந்தின் விஷயமாகப் பார்ப்பதில்லை. வேதியியலாளர் குறைத்த செலவு நோயாளியின் வீட்டுக்கு வந்து சேருமா என்பதை முடிவு செய்யும் வாசலில் ஒரு வாரியம் நின்று, அறிவியலை உள்ளே போய்ப் படித்து, பிறகு பேசியது. 2021இல் அந்த வாரியத்தையே கலைத்துவிட்டார்கள். வேலை உயர் நீதிமன்றங்களுக்குப் போயிருக்கிறது. நீதிபதிகள் நன்றாகவே செய்வார்கள். ஆனாலும் தொழில்நுட்ப உறுப்பினர் பக்கத்தில் உட்கார்ந்த அந்த அமைப்பு இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஹெபடைடிஸ் சி நோய்க்கு இன்று இன்டர்ஃபெரான் வேண்டாம். சோஃபோஸ்புவிர் வகை மாத்திரைகள் 12 வாரத்தில் பெரும்பாலோரைக் குணப்படுத்துகின்றன. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசே இலவசமாகத் தருகிறது. பெக் இன்டர்ஃபெரான் வேறு வேலைக்குப் போனது. சைடஸ் நிறுவனத்தின் பெக் இன்டர்ஃபெரானுக்குக் கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 ஏப்ரலில், அவசர அனுமதி கிடைத்ததை நினைவு வைத்திருப்பீர்கள்.

அந்த 24 மணி நேரச் சண்டை மட்டும் ஓயவில்லை. காப்பீட்டு ஆணையம் 2019 செப்டம்பரில் பன்னிரண்டு நவீனச் சிகிச்சைகளைப் பட்டியலிட்டு, இவற்றைப் பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது என்றது. வாய்வழிக் கீமோதெரபி, ஊசியாகப் போடும் மோனோகுளோனல் ஆன்டிபாடி, கண்ணுக்குள் போடும் ஊசி எல்லாம் அதில் உண்டு. நல்ல காரியம். ஆனால் பாலிமர் ஒட்டிய புரத மருந்துகள் அந்தப் பட்டியலில் ஒரு வகையாக இல்லை. இப்போது என்னிடம் வருபவை பெக்ஃபில்கிராஸ்டிம் பில்கள். கீமோ முடிந்ததும் வெள்ளணு விழாமல் காக்கிற மருந்து. சாதா ஃபில்கிராஸ்டிம் என்றால் நாள்தோறும் பல நாட்கள் போட வேண்டும். பெக் ஒட்டியது ஒரு சுற்றுக்கு ஒரே ஊசி. கீமோவின் செலவைத் தந்துவிட்டு, மறுநாள் போட்ட இந்த ஊசியை மட்டும் வெளிநோயாளிச் செலவு என்று அடித்துவிடுகிறார்கள். தொற்று வந்து அந்த நோயாளி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்திருந்தால் முழுப் பணமும் தந்திருப்பார்கள்.

மன்றத்துக்கு இப்போது ஆணையம் என்று பெயர், சட்டமும் புதிது. நான் மனு எழுதும் முறை மாறவில்லை. மருத்துவரிடம் முதலில் கேட்பது, இந்த மருந்து உடம்பில் எத்தனை மணி நேரத்தில் பாதியாகும், இதன் பழைய வடிவம் எத்தனை மணி நேரத்தில் பாதியாகும் என்பதைத்தான். அந்த இரண்டு எண்களும் அவர் கையெழுத்தோடு வந்த பிறகே மற்றப் பத்திகளை எழுதுகிறேன்.